நிலம் இல்லாத பிள்ளைக்கு ஒரு தொழில்: மீன் வளர்ப்புப் படிப்பு

(எஸ்.பி.எம். மாணவர்களின் பெற்றோருக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மீன் வளர்ப்புப் படிப்பு என்றதும் சில அம்மாமார்கள் சிரிக்கிறீர்கள். "மீன் பிடிக்கவா கல்லூரிக்கு அனுப்புவது?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். இது மீன் பிடிக்கும் படிப்பல்ல. மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து, நோயில்லாமல் வளர்த்து, சந்தைக்கு அனுப்பும் தொழில்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். விடியற்காலையில் திலாப்பியா குளத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கின்றன. தெரியாதவர் பசி என்று நினைத்துத் தீனி போடுவார். உண்மையில் அது மூச்சுத் திணறல். பகல் வெயிலில் பாசி பிராணவாயுவை வெளியிடும். இரவில் பாசியும் மீனும் சேர்ந்து அதை இழுத்துவிடும். அந்த நேரத்தில் போட்ட தீனி அழுகி அம்மோனியா கூடினால், மொத்தக் குளமும் செத்து மிதக்கும். படித்த பிள்ளை மீட்டரை வைத்துப் பார்த்து, ஏரேட்டரை முடுக்கிவிடும். ஒரு முதலாளியின் பல மாத முதலீட்டை அந்த அறிவு காப்பாற்றுகிறது. சம்பளம் அதற்குத்தான்.

இன்னொரு கணக்கு. மீன் வளர்ப்பில் பெரிய செலவு தீனிதான். 1,000 கிலோ மீன் எடுக்க ஒருவர் 2,000 கிலோ தீனி போடுகிறார். இன்னொருவர் அளவறிந்து 1,500 கிலோவில் முடிக்கிறார். 20 கிலோ மூட்டையில் 25 மூட்டை மிச்சம்!

நம் மக்கள் மூன்று தலைமுறையாகப் பால்மரம் சீவினார்கள், செம்பனை வெட்டினார்கள். தோட்டம் துண்டாடப்பட்டபோது பலர் லயத்து வீட்டையும் இழந்து வெளியேறினார்கள். குளம் வெட்ட நமக்கு நிலம் எங்கே? அரசு நிலத்தில் தற்காலிக உரிமம் வாங்கிச் செய்தாலும், அது நிரந்தரமல்ல. நில உரிமைக்கான போராட்டம் தொடரட்டும். ஆனால் பிள்ளையின் வயது அதற்காகக் காத்திருக்காது. பொரிப்பகம், இறால் பண்ணை, கடல் கூண்டுப் பண்ணை, தீனித் தொழிற்சாலை, அலங்கார மீன் ஏற்றுமதி, ஆய்வுக்கூடம் ஆகியவற்றில் வேலை செய்யச் சொந்த நிலம் தேவையில்லை. கையில் திறனும் சான்றிதழும் தேவை.

எங்கே படிக்கலாம்? சபாவில் சண்டாக்கான் பாலிடெக்னிக்கில் அக்வாகல்ச்சர் டிப்ளோமா இருக்கிறது. பட்டப்படிப்புக்கு மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம். 1979-இல் விவசாயப் பல்கலைக்கழகத்தின் மீன்வள மையமாகத் தொடங்கி, 2007-இல் இன்றைய பெயரைப் பெற்றது. தேர்வில் பின்தங்கிய பிள்ளைக்கு எஸ்.கே.எம். திறன் சான்றிதழ் வழி இருக்கிறது. முதல் மூன்று நிலைகள் சான்றிதழ், நான்காம் நிலை திறன் டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. படிப்படியாக ஏறலாம்.

தனியார் கல்லூரி என்றால் பணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். படிப்புக்கு எம்.க்யூ.ஏ. அல்லது திறன் மேம்பாட்டுத் துறையின் அங்கீகாரம் உண்டா? சொந்தக் குளமும் பொரிப்பகமும் உண்டா? எத்தனை மாதம் பண்ணைப் பயிற்சி? பதில் தெளிவாக வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

வேலை சுலபம் என்று நான் சொல்லவில்லை. சேறு, நாற்றம், மழை, இரவுக் காவல் எல்லாம் உண்டு. தொடக்கச் சம்பளமும் பெரிதாக இருக்காது. வெயிலில் நின்ற பரம்பரை நாம். உழைப்புக்கு அஞ்சியவர்கள் அல்ல. பெண் பிள்ளைகளையும் அனுப்புங்கள். பொரிப்பகத்திலும் ஆய்வுக்கூடத்திலும் பொறுமையும் நுணுக்கமும்தான் முக்கியம்.

கடைசியாக ஒன்று. அரசுக் கல்விக்கூடங்களில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லை என்று குறைப்படுகிறோம். இத்துறைக்கு நம்மில் எத்தனை பேர் விண்ணப்பித்தோம்? விண்ணப்பமே போகாத இடத்தில் நியாயம் கேட்க முடியாது. யூபியூ விண்ணப்பம் திறந்த உடனே பாரத்தை நிரப்புங்கள், அதன் நகலைப் பத்திரப்படுத்துங்கள். தகுதி இருந்தும் இடம் மறுக்கப்பட்டால் அந்த நகலோடு வாருங்கள். மேல்முறையீடு செய்வோம், காரணம் கேட்போம். அது சலுகையல்ல, நம் பிள்ளைகளின் உரிமை.