கருவில் உயிரணுவின் விதி

சித்தூர் வட்டாரத்தில் வாழும் நம்மவர்க்குக் கோழிப் பண்ணைகள் புதியன அல்ல. அப்பண்ணைகளில் இன்று இடப்பட்ட கருவுற்ற முட்டையொன்றை எடுத்துக்கொள்வோம். அதன் மஞ்சட்கருவின்மேல் ஒரு சிறு வெண்புள்ளி தென்படும். அப்புள்ளிக்குள் ஏற்கெனவே பல்லாயிரம் உயிரணுக்கள் அடங்கியுள்ளன. அடைகாக்கத் தொடங்கிய இரண்டாம் நாளிலேயே இதயம் துடிக்கத் தலைப்படுகிறது. 21-ஆம் நாளில் குஞ்சு ஓட்டை உடைத்து வெளிவருகிறது.

இவ்வுயிரணுக்கள் யாவும் ஒரே உயிரணுவிலிருந்து பிரிந்தவை; ஒரே மரபுச் செல்வத்தைப் பெற்றவை. அங்ஙனமாயின் ஒன்று இதயமாகவும், மற்றொன்று மூளையாகவும், பிறிதொன்று இறகாகவும் மாறுவதை முடிவுசெய்வது யாது? பிறப்பா, இருக்கும் இடமா?

1888-இல் ஜெர்மானிய அறிஞர் வில்ஹெல்ம் ரூ, இரண்டாகப் பிரிந்த தவளைக் கருவில் ஒரு பாதியைச் சூடேற்றிய ஊசியால் கொன்றார். எஞ்சிய பாதி அரைக் கருவாகவே வளர்ந்தது. பிறப்பிலேயே விதி எழுதப்பட்டுவிடுகிறது என்று அவர் கொண்டார். ஆனால் 1891-இல் ஹான்ஸ் டிரீஷ், கடல் முள்ளெலியின் கருவில் இரு உயிரணுக்களையும் தனித்தனியே பிரித்தபோது, ஒவ்வொன்றும் சிறிதெனினும் முழு உருவாகவே வளர்ந்தது! ரூவின் சோதனையில் இறந்த பாதி அருகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தமையே அவர் கண்ட விளைவுக்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பிணமும்கூட அண்டை வீட்டாரைப் பாதிக்கிறது போலும்!

அண்டையின் ஆற்றலை ஐயமற நாட்டியவர்கள் ஹான்ஸ் ஸ்பீமானும் அவர்தம் மாணவி ஹில்டே மாங்கோல்டும் ஆவர். நியூட் என்னும் வாலுடைய நீர்வாழ் உயிரின் கருவிலிருந்து ஒரு சிறு துணுக்கை எடுத்து, மற்றொரு கருவின் வயிற்றுப் புறத்தில் ஒட்டினர். அங்கே இரண்டாவது கருவொன்று எழுந்தது. வயிற்றுத் தோலாக வேண்டியிருந்த உயிரணுக்கள் புதிய அண்டையின் ஏவலால் நரம்பாயின. இம்முடிவு வெளிவந்த 1924-ஆம் ஆண்டிலேயே ஹில்டே விபத்தொன்றில் மறைந்தார். ஸ்பீமான் 1935-இல் நோபெல் பரிசு பெற்றார்.

அவ்வேவல் எவ்வாறு செல்கிறது? உயிரணுக்கள் சில வேதிப்பொருள்களைச் சுரக்கின்றன. அருகில் உள்ளவை மிகுதியாகவும் தொலைவில் உள்ளவை குறைவாகவும் அவற்றைப் பெறுகின்றன. அவ்வளவுக்கேற்ப ஒவ்வொன்றிலும் சில மரபணுக்கள் விழிக்கின்றன, சில உறங்குகின்றன.

இதனை 1957-இல் ஓர் உவமையால் விளக்கினார் வாடிங்டன். தந்தையார் வயநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் பணிபுரிந்தமையால் இந்தியாவில் குழந்தைப் பருவத்தின் தொடக்கத்தைக் கழித்தவர் அவர். மலைச்சரிவில் உருளும் பந்து பள்ளத்தாக்குகள் பிரியுமிடத்தில் ஏதேனும் ஒன்றில் இறங்குவதுபோல் உயிரணுவும் ஒரு வழியைப் பற்றுகிறது என்றார். அவரிடம் எடின்பரோவில் பயின்ற லீலா முல்ஹர்க்கர், பூனாவில் கோழிக் கருவாராய்ச்சியை வளர்த்தார்.

நம் நேயர்களுக்குப் பந்தினும் மழை நெருக்கமானது. சித்தூர் மலைகளில் பெய்யும் மழையில் ஒரு பங்கு நீவா நதியாகிப் பொன்னை என்னும் பெயருடன் தமிழகத்துப் பாலாற்றைச் சேர்கிறது. சந்திரகிரிப் பக்கம் பெய்வதோ சுவர்ணமுகியாகித் திருப்பதியையும் காளத்தியையும் கடந்து ஆந்திரக் கரையிலேயே கடலில் கலக்கிறது. மேகம் ஒன்றே, விழுந்த இடமே வேறு.

இறங்கிய நீர் மலையேறுமா? உயிரணு ஏறும் என்று 1962-இல் தவளையில் காட்டினார் ஜான் கர்டன். தேர்ந்த உயிரணுவின் உட்கருவுக்கும் முழு உயிரையும் ஆக்கும் ஆற்றல் உண்டென்று அவர் மெய்ப்பித்தார். 2006-இல் ஷின்யா யமனாக்கா நான்கே மரபணுக்களால் எலியின் தோலுயிரணுவைக் கருநிலைக்கு ஒப்பான நிலைக்கு மீட்டார். 2012-இல் இருவரும் நோபெல் பரிசைப் பகிர்ந்தனர். திருப்பதியில் 2015-இல் தொடங்கப்பெற்ற இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்திலும் கரு வளர்ச்சி பற்றிய ஆய்வு நடைபெறுகிறது.

இஃது ஆய்வுக்கூடத்தோடு முடியும் செய்தியன்று. மனிதக் கருவில் மூளையும் தண்டுவடமும் ஆகவேண்டிய குழல், கருவுற்ற 28 நாட்களுக்குள் மூடிக்கொள்ளவேண்டும். தான் கருவுற்றிருப்பதைத் தாய் பலகாலும் அதற்குள் அறிவதில்லை. ஆகவேதான், மகப்பேற்றை எண்ணும் பெண்கள் முன்னதாகவே நாள்தோறும் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் உட்கொள்ள வேண்டுமென மருத்துவர் வற்புறுத்துகின்றனர். குழல் மூடாத ஊனங்களிற் பெரும்பகுதியை இது தடுக்கிறது. உற்றார் உறவினரை விட்டுத் தொலைவில் குடித்தனம் தொடங்கும் இளந்தம்பதியர்க்கு மூத்தோர் சொல்லும் அறிவுரைகளுள் இதுவும் ஒன்றாதல் வேண்டும்.