எந்த ஜெனரேஷனுக்குக் காத்திருக்கிறோம்?

ஷார்ஜா முவைலாவிலிருந்து பேசுகிறேன். பின்னால் ஏசி சத்தம் கேட்டால் மன்னித்துக்கொள்ளுங்கள், அதை நிறுத்தினால் நான் பேச முடியாது.

போன கூட்டம் முடிந்த பிறகு நடந்த அரட்டையிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு தோழர் கேட்டார்: "லேப்டாப் மாத்தணும். இப்ப வந்திருக்கிற பாந்தர் லேக் வாங்கட்டுமா, வருஷக் கடைசில நோவா லேக் வர்ற வரைக்கும் பொறுக்கட்டுமா?" கூட்டத்தில் வாயே திறக்காத பத்துப் பேர் அன்றைக்குப் பேசினார்கள். அதிகம் பேசியது நான்தான். ஏன்னா, இந்தக் காத்திருப்பில் எனக்கு இரண்டு வருஷ அனுபவம்.

என்னுடையது 2019இல் காலேஜ் சேரும்போது அப்பா வாங்கிக் கொடுத்த எட்டாம் ஜெனரேஷன் ஐ5. 2023 கடைசியில் தடுமாற ஆரம்பித்தது. அப்போதுதான் மீட்டியோர் லேக் வந்தது. முதல் பேட்ச் வேண்டாம் என்றார்கள், பொறுத்தேன். 2024 செப்டம்பரில் லூனார் லேக். பேட்டரி பிரமாதம், ஆனால் ரேம் புராசஸரோடு சேர்ந்தே வருகிறது, பின்னால் கூட்ட முடியாது என்றார்கள். மறுபடி பொறுத்தேன். அதே வருஷம் இன்டெலின் 13, 14ஆம் ஜெனரேஷன் டெஸ்க்டாப் புராசஸர்கள் வோல்டேஜ் கோளாறால் கெட்டுப்போவது வெளியே வந்து, கம்பெனி வாரன்டியை இரண்டு வருஷம் நீட்டியது. பார்த்தியா, பொறுத்தது நல்லதாப் போச்சுன்னு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதற்கிடையில் ஆய்வேட்டுக்கான கணக்கு ஒவ்வொன்றும் ராத்திரி முழுக்க ஓடியது.

கடைசியில் பக்கத்து ஃபிளாட் மலையாளத் தோழி ஒரு ஸ்க்ரூடிரைவரோடு வந்தாள். மூடியைத் திறந்தால் ஃபேன் முழுக்க ஷார்ஜா மண். தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொரிந்திருந்தது. சூடு தாங்காமல் புராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருக்கிறது, நான் அதை வயசு என்று நினைத்திருக்கிறேன். தூசி தட்டி, பேஸ்ட் மாற்றி, எட்டு ஜிபி ரேமைப் பதினாறு ஆக்கினோம். இந்தப் பேச்சை அதில்தான் தயாரித்தேன்.

சரி, என் லேப்டாப் கதைக்கு எதற்கு ஒரு கூட்டம்? எனக்கு எட்டு, அப்பாவுக்கு ஏழு. விஷயம் அந்த ஒரு நம்பரில் இருக்கிறது.

2025 அக்டோபர் 14ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11 வேண்டுமென்றால் இன்டெலில் எட்டாம் ஜெனரேஷனிலிருந்துதான் அனுமதி. 2016இல் வந்த ஐ5-7200யூ வெளியே, அதற்கடுத்த வருஷம் வந்த ஐ5-8250யூ உள்ளே. இரண்டும் 14 நானோமீட்டர், உள்ளே இருக்கும் கோர் வடிவமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றுதான். முன்னதில் இரண்டு கோர், பின்னதில் நான்கு. பாதுகாப்புக்காக என்று காரணம் சொன்னார்கள். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் ஏழாம் ஜெனரேஷனிலேயே ஐ7-7820எச்க்யூ என்ற புராசஸருக்கு, குறிப்பிட்ட சில கணினிகளில், விதிவிலக்கு கொடுத்தார்கள். அந்தப் புராசஸர் எதில் இருக்கிறது தெரியுமா? மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டூடியோ 2இல்! விசா ஸ்டாம்ப் மாதிரிதான் இதுவும். யார் பெயரில் வந்தாய் என்பதைப் பொறுத்தது.

அந்தக் கோட்டுக்கு வெளியே தள்ளப்பட்ட மெஷின் எங்கே போகிறது என்று எங்கள் ஊரில் பார்க்கலாம். முவைலாவிலிருந்து நேஷனல் பெயின்ட்ஸ் தாண்டினால் இண்டஸ்ட்ரியல் ஏரியா. அங்கே பழைய லேப்டாப் கடைகளில் கம்பெனிகள் கழித்துப்போட்ட ஆறாம், ஏழாம் ஜெனரேஷன் மெஷின்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. துடைத்து, புது ஸ்டிக்கர் ஒட்டி, பளபளவென்று.

அப்பாவோடு வேலை பார்க்கிற ராமநாதபுரத்து அண்ணன் ஒருவர் அப்படி ஒன்று வாங்கினார். "விண்டோஸ் 11 இருக்கு, லேட்டஸ்ட்"னு கடையில் சொன்னார்களாம். சரிபார்ப்பைத் தாண்டிக் குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார்கள். இப்படி ஏற்றினால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நான் பார்த்தபோது அது 23எச்2 பதிப்பிலேயே நின்றிருந்தது. வீட்டு உபயோகத்துக்கான அந்தப் பதிப்பின் ஆதரவு 2025 நவம்பரிலேயே முடிந்துவிட்டது. அவர் அதில்தான் பேங்க் கணக்கு பார்க்கிறார். ஊரில் எழும்புகிற வீட்டின் செங்கல், சிமென்ட் கணக்கு, மகளுடைய ஃபீஸ் ரசீது எல்லாம் அதில்தான். பதினாறு பேர் தங்குகிற கேம்ப் வைஃபையில்.

"இது இன்னும் எத்தனை வருஷம் ஓடும்மா?" என்று என்னைக் கேட்டார். மெஷின் ஓடும் அண்ணே, அதுக்குப் பூட்டுதான் இல்லன்னு சொன்னேன். புரிந்தது அவருக்கு.

நாம் நோவா லேக்குக்குக் காத்திருக்கலாமா என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியின் மறுமுனையில் இவர் இருக்கிறார். நாம் மாற்றுகிற ஒவ்வொரு தடவையும் ஆபத்தின் ஒரு பங்கு, விலை குறைந்த மெஷினோடு சேர்ந்து, கீழே இறங்குகிறது. அதற்கும் கீழே குப்பை. 2022இல் மட்டும் உலகத்தில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்தது 22.3 சதவீதம்.

சரி, இந்தத் தேதிகளை யார் முடிவு பண்றாங்க? எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். விண்டோஸ் 10க்கு இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட் வேண்டுமென்றால் 30 டாலர் கட்டு, இல்லாவிட்டால் உன் செட்டிங்ஸை எங்கள் கிளவுடில் சேமி என்றது மைக்ரோசாஃப்ட். ஐரோப்பாவில் நுகர்வோர் அமைப்புகள் எதிர்த்தன. 2025 செப்டம்பரில் இறங்கி வந்து, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்த நிபந்தனையில்லாமல் இலவசம் என்றது. பாரிஸ், ஆஸ்லோ தோழர்களுக்கு அந்தச் சலுகை உண்டு. லண்டன் தோழர்களுக்கு இல்லை. ஷார்ஜாவுக்கும் சிவகங்கைக்கும் கேட்கவே வேண்டாம். அதே மெஷின், அதே கோடு. சத்தம் போட்ட இடத்தில் நிபந்தனை தளர்ந்தது. புராசஸரின் ஆயுள் சிலிக்கான் முடிவு செய்கிற விஷயம் என்று இனிமேல் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அப்போ யாரும் புதுசு வாங்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. பழசே போதும் என்று அடுத்தவனுக்குப் போதிப்பது சுலபம். வீடியோ எடிட் பண்ணிப் பிழைக்கிற தோழிக்கு மெஷின் வேண்டும் என்றால் வேண்டும், வாங்கட்டும். ஆனால் வதந்தியை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அடுத்த ஜெனரேஷன் வந்தால் இது மலியும் என்ற பழைய கணக்கு இந்த வருஷம் எடுபடாது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி போவதால் ரேம் விலை ஏறிக்கிடக்கிறது. 2025 டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டையே மூடப்போவதாக அறிவித்தது, நம்மைப் போலச் சில்லறையில் வாங்குபவர்கள் இனி வேண்டாமாம். இதே நாட்டில், அபுதாபியில், 5 கிகாவாட் ஏஐ வளாகம் கட்டுகிறார்கள். நான் ரேம் மாற்றியது விலை ஏறுவதற்கு முன்னால். அதிர்ஷ்டம், வேறொன்றுமில்லை.

வாங்குகிறவர்கள் ஒன்று செய்யுங்கள். முதலில் பழசைத் திறந்து பாருங்கள். ஒரு லேப்டாப் வாழ்நாளில் வெளிவிடுகிற கரியமிலத்தில் பெரும்பங்கு அது பெட்டியிலிருந்து வெளியே வருவதற்கு முன்பே, தயாரிப்பிலேயே, முடிந்துவிடுகிறது. கம்பெனிகளின் சொந்த அறிக்கைகளிலேயே இது இருக்கிறது. அப்புறம், யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் லினக்ஸ் ஏற்றி, ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து சொல்லிக்கொடுத்துவிட்டுக் கொடுங்கள். கேரள அரசுப் பள்ளிகளில் பதினைந்து வருஷத்துக்கும் மேலாகச் சுதந்திர மென்பொருளில்தான் பாடம் நடக்கிறது. என் தோழிக்கு இது பெரிய விஷயமே இல்லை, ஸ்கூல்ல படிச்சது என்றாள்.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஆர்வத்தில் யாரும் காசு வசூலிக்காதீர்கள். அனுமதியில்லாமல் நிதி திரட்டுவது இங்கே குற்றம், 2021இல் அதற்கென்றே சட்டம் வந்திருக்கிறது. உங்கள் பென் டிரைவ், உங்கள் நேரம், தெரிந்தவருடைய லேப்டாப். அவ்வளவுதான்.

அண்ணனுடையதில் லினக்ஸ் மின்ட் ஏற்றினோம். முதல் வாரம் தினமும் போன். பிரின்டர் எங்கே, தமிழில் அடிப்பது எப்படி, அந்த எக்செல் ஏன் வேற மாதிரி திறக்குது. இரண்டாவது வாரம் போன் வரவில்லை. பயந்து நானே கூப்பிட்டேன். கேம்ப்பில் இன்னும் மூன்று பேர் லேப்டாப் வைத்திருக்கிறார்களாம், வெள்ளிக்கிழமை லீவுதானே, வர முடியுமா என்று கேட்டார். மூன்றுமே ஆறாம் ஜெனரேஷன். போகிறோம்.