வேட்டை முடிந்த மாலை

ஏர்னெஸ்ட் ஹெமிங்வே 1933இன் இறுதியில் கிழக்கு ஆபிரிக்காவிற்கு வேட்டைக்குச் சென்றார். 1935இல் வெளிவந்த அவரது ‘ஆபிரிக்காவின் பசுங்குன்றுகள்’ நூலில், துப்பாக்கி சுமந்த ம்கோலா மறக்கவொண்ணாத மனிதராக நிற்கிறார். எழுத்தாளர் ஏட்டில் இடந் தந்தார். ஏனைய வேட்டைக்காரர் எதைத் தருவது?

தன்சானிய வேட்டை முகாம்களில், புறப்படும் வேளையில் நாம் ‘சந்தோசம்’ என்கிறோமே, அதைக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. யார் யாருக்கு, எவ்வளவு என்பதை வேட்டையை நடத்துபவரிடம் முன்னரே கேட்டறிவது முறை. சுவடு பார்த்தவர் எப்போதும் கண்ணில் படுவார். தோலுரித்தவரும் சமைத்தவரும் தண்ணீர் சுமந்தவரும் கூடாரத்தின் பின்னே நிற்பர். ஆதலால் தனித்தனி உறையிலிட்டு, பெயர் சொல்லி, அவரவர் கையிலேயே கொடுப்பது நன்று.

விலங்கு தப்பிவிட்டதென்று தொகையைக் குறைப்பது தகாது. சுவடு பார்த்தவர் நடந்த தூரம் அதனாற் குறைந்துவிடுவதில்லையே!