திறந்த மூல மென்பொருளும் எங்கள் பொறுப்பும்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்துவடிவம்)



நாங்கள் நால்வர். இந்தப் பாடசாலையில் ஒரே வகுப்பில் படித்தவர்கள். இன்று ஒருவர் யாழ்ப்பாணத்திலும் ஒருவர் கொழும்பிலும் ஒருவர் ரொறன்ரோவிலும் ஒருவர் சிட்னியிலும் இருக்கிறோம். வேலை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவே பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு சிறிய மென்பொருளைச் சேர்ந்து பராமரித்து வருகிறோம். அதைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். கணினித் துறையோடு தொடர்பில்லாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்ல முயல்கிறோம்.

எங்களுடையது ஒரு செய்நிரல் நூலகம். கோப்பைத் திறப்பது, பிரதி எடுப்பது, ஒரு கோப்புறையில் என்னென்ன இருக்கிறது என்று பட்டியலிடுவது போன்ற அடிப்படை வேலைகளை ஒவ்வொரு மென்பொருளாளரும் புதிதாக எழுதாமல், ஒருமுறை எழுதியதைப் பலரும் எடுத்துப் பயன்படுத்துவதற்கான தொகுப்பு அது. திறந்த மூலம் என்பதால் எவரும் பார்க்கலாம், திருத்தலாம், காசின்றி எடுத்துச் செல்லலாம்.

நமது பாடசாலை நூலகத்தில் எடுத்த புத்தகத்தை இரண்டு கிழமையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். எங்கள் நூலகத்திலிருந்து போனது திரும்பி வராது. யாரோ எழுதிய மென்பொருளுக்குள் போய் அமர்ந்துவிடும். யார் எடுத்தார், எங்கே வைத்திருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது. பிழையொன்று இருந்தால் அதைத் திரும்ப அழைக்க வழியில்லை. வெளியிடுவது ஒரு நாள் வேலை. அதற்குப் பொறுப்பாக இருப்பது ஆண்டுக்கணக்கான வேலை என்று சொல்வது இதனால்தான்.

விண்டோஸ், மக், லினக்ஸ் என்ற மூன்று பணிசெயல் முறைமைகளிலும் அது ஒரேமாதிரி நடக்க வேண்டும் என்பது எங்கள் நோக்கம். சொல்வது சுலபம். திறந்து வைத்திருக்கும் கோப்பை லினக்ஸில் அழிக்கலாம்; விண்டோஸ் பொதுவாக மறுத்துவிடும். சி மொழியில் ‘லோங்’ என்ற எண் வகை 64 பிட் லினக்ஸில் 64 பிட் அளவுடையது. 64 பிட் விண்டோஸிலோ 32 பிட் மட்டுமே. 2 ஜிகாபைட்டைத் தாண்டிய வீடியோ கோப்பின் அளவு அங்கே மறைப் பெறுமானமாக வந்து நின்றதைப் பார்த்துத்தான் இதை நாங்கள் கற்றுக்கொண்டோம்.

ஆனால் எங்களை உலுக்கியது ஒரு தமிழ் எழுத்து. அதை இந்தச் சபையில் சொல்லாமல் விட முடியாது.

‘கோ’ என்ற எழுத்தை யூனிகோட்டில் இரண்டு விதமாகப் பதியலாம். ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியாகச் சேர்க்கலாம். அல்லது முன்னால் வரும் கொம்பையும் பின்னால் வரும் அரவையும் தனித்தனி இரண்டு குறிகளாக வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. விண்டோஸும் லினக்ஸும் நாம் கொடுத்ததை அப்படியே வைத்திருக்கும். அந்நாளைய மக் கணினிகளின் கோப்பு முறைமையோ, எப்படிக் கொடுத்தாலும் பிரித்தே சேமித்தது. நாங்கள் இதை அறியவில்லை. ‘கொடுத்த பெயரே திரும்பி வரும்’ என்று எங்கள் கையேட்டில் துணிந்து எழுதியிருந்தோம்.

அந்த வாக்கை நம்பி ஒருவர் எங்கள் நூலகத்தின்மேல் ஒரு காப்புப்பிரதி மென்பொருளைச் செய்திருந்தார். அதைப் பயன்படுத்தியவர்களில் ஐரோப்பாவில் வாழும் ஒரு சகோதரியும் இருந்தார். காலஞ்சென்ற தாயார் ஊரிலிருந்து எழுதிய கடிதங்களை அவர் ஸ்கான் செய்து, எந்த ஊரிலிருந்து எழுதியதோ அந்த ஊரின் பெயரையே கோப்பின் பெயராக வைத்திருந்தார். மென்பொருளின் பதிவேட்டில் பெயர்கள் சேர்ந்த வடிவில் இருந்தன. மக் பிரித்துக் கொடுத்தது. மென்பொருள் அதைப் புதிய கோப்பு என்று எண்ணி வட்டில் பிரதி செய்தது. பிறகு பழைய பெயரில் இருந்தது நீக்கப்பட்டுவிட்டது என்று எண்ணி வட்டிலிருந்து அழித்தது. இரண்டும் ஒரே கோப்பு. அடுத்த தடவை இயங்கியபோது, வட்டில் இல்லாததைக் கணினியிலும் அழித்தது.

நல்லூர், மானிப்பாய்க் கடிதங்கள் எஞ்சின. கொக்குவில், கோப்பாய், கோண்டாவில் கடிதங்கள் போய்விட்டன. ஏன் சில ஊர்கள் மட்டும் போயின என்று அவர் கேட்டு எழுதியபோதுதான் எங்களுக்குப் பொறி தட்டியது. ஒகர, ஓகாரக் குறி உள்ள பெயர்கள் மட்டுமே அழிந்திருந்தன. வீடு மாறியபோது தாள்களை அவர் வைத்துக்கொள்ளவில்லை. அண்ணரிடம் இருந்த ஒரு பழைய பென்டிரைவிலிருந்து சிலவற்றை மீட்க முடிந்தது. மற்றவை போனவைதான்.

எங்கள் உரிமப் பத்திரத்தில் ‘எவ்வித உத்தரவாதமும் இன்றி வழங்கப்படுகிறது’ என்ற வரி இருக்கிறது. இத்தகைய உரிமங்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் வரி அது. அந்த வரியின்படி நாங்கள் எதற்கும் பொறுப்பில்லை. அன்று இரவு நால்வரும் தொலைபேசியில் பேசினோம். அந்த வரியை ஒருவரும் வாயெடுக்கவில்லை. தமிழ்ப் பிள்ளைகள் நால்வர் எழுதிய மென்பொருள், தமிழ்ப் பெயர்களைச் சோதிக்காமல் வெளியே போயிருந்தது. ஆங்கிலப் பெயர்களை வைத்தே சோதித்திருந்தோம்.

அதன்பின் எங்கள் முறைகள் மாறின. எந்தப் பதிப்பும் மூன்று முறைமைகளிலும் தமிழ்ப் பெயர்களோடு சோதிக்கப்படாமல் வெளியே போவதில்லை. அந்தச் சோதனைக் கோப்புகளின் பெயர்கள் இன்றும் கொக்குவில், கோப்பாய், கோண்டாவில்தான். பெயர்களை ஒப்பிடும்போது இரு வடிவங்களும் ஒன்றென்று கொள்ளும் செயற்கூறு ஒன்றையும் சேர்த்தோம். கையேட்டில் எழுதிய வாக்குறுதியைத் திருத்தி, ஏன் திருத்தினோம் என்பதையும் ஒளிக்காமல் எழுதினோம்.

பதிப்பு எண்ணுக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. மூன்று இலக்கங்களில் கடைசியானது மாறினால் பிழைதிருத்தம் மட்டும். நடுவிலுள்ளது மாறினால் புதிய வசதி. முதலாவது மாறினால், பழைய மென்பொருள்கள் இயங்காமல் போகலாம் என்ற எச்சரிக்கை. முதல் இலக்கத்தை மாற்ற நாங்கள் மிகவும் தயங்குவோம். கோப்பின் அளவு பற்றிய பிழையைத் திருத்தியபோதுகூடப் பழைய செயற்கூறை அப்படியே விட்டு, பக்கத்தில் புதியதொன்றை வைத்தோம். அழகாக இல்லைத்தான். ஆனால் எங்களை நம்பி எழுதியவரின் வேலை ஒரு காலைப்பொழுதில் நின்றுபோகக் கூடாது.

இத்தகைய நூலகங்களைத் தாங்குவோர் பெரும்பாலும் ஒருவர் அல்லது இருவர் என்பதை உலகம் அடிக்கடி மறந்துவிடுகிறது. 2014இல் ஓப்பின்எஸ்எஸ்எல் நூலகத்தில் ‘ஹார்ட்பிளீட்’ என்ற ஓட்டை வெளிப்பட்டபோது, இணையத்தின் பெரும்பகுதி நம்பியிருந்த அதனை மிகச் சிலரே பராமரித்து வந்தது பலருக்கும் தெரியவந்தது. 2024இல் நடந்தது அதைவிட அச்சம் தருவது. எக்ஸ்இசட் என்ற தரவுச் சுருக்க நூலகத்தைக் களைத்துப்போன ஒருவர் தனியே தாங்கி வந்தார். உதவிக்கு வந்தவர்போல் ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் பொறுமையாக வேலை செய்து, நம்பிக்கையைப் பெற்று, பின்கதவு ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். அன்ட்ரெஸ் ஃப்ரொயண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைவதற்கு அரை விநாடி அளவு அதிகமாக எடுக்கிறதே என்று ஆராய்ந்ததால் அது பிடிபட்டது.

அந்தச் செய்தியை வாசித்தபோது நாங்கள் எங்களையே பார்த்துக்கொண்டோம். எங்களில் ஒருவர் நோயுற்று மருத்துவமனையில் கிடந்த காலத்தில், வெளியீட்டுக்கு ஒப்பமிடும் இலக்கமுறைச் சாவி அவரிடம் மட்டுமே இருந்தது. தயாராக இருந்த ஒரு திருத்தம் வாரக்கணக்காகக் காத்துக் கிடந்தது. இப்போது இருவரிடம் சாவி இருக்கிறது. ஆனாலும் நால்வருக்கும் வயது ஒன்றாகத்தான் ஏறுகிறது.

இவை நம்மால் ஆகாத வேலைகள் என்று எவரும் நினைக்க வேண்டாம். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின் பின், காணாமற்போனோரையும் முகாம்களையும் பதிவுசெய்ய இலங்கையின் தன்னார்வலர்கள் எழுதிய ‘சஹானா’ திறந்த மூல மென்பொருள் பிற நாட்டு அனர்த்தங்களிலும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் 2006ஆம் ஆண்டுக்கான சமூகநல விருதும் அதற்குக் கிடைத்தது.

எனவே இந்த மேடையில் ஒரு வேண்டுகோள். பணம் கேட்கவில்லை. கணினி படித்த இளைய சகோதரிகள் இருவர் எங்களோடு சேர்ந்தால் போதும். மெல்லக் கற்றுக்கொடுப்போம். நிரல் எழுதத் தெரியாதவர்களும் உதவலாம். கையேட்டை நல்ல தமிழில் எழுத ஆள் வேண்டும். பிழை கண்டால் எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது நடந்தது என்று மூன்று வரி எழுதி அனுப்ப ஆள் வேண்டும். ‘ஏன் சில ஊர்கள் மட்டும்’ என்று அந்தச் சகோதரி கேட்ட ஒரு கேள்வி, எங்கள் பல மாதச் சோதனைகள் காட்டாததைக் காட்டியது.

கடிதங்களை இழந்த பின்னும் அவர் எங்களிடம் கேட்டது ஒன்றுதான்: இனி வேறு ஒருவருக்கு இப்படி நடக்காதா? நடக்காது என்று பதில் எழுதினோம். அந்தப் பதிலுக்கு எங்கள் காலத்துக்குப் பிறகும் யாராவது பொறுப்பாக இருக்க வேண்டும். அதற்காகவே உங்கள் முன் வந்தோம்.