பதிவேட்டில் இல்லாதவை
(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்கின் புனித வின்சென்ட் தே பவுல் சபையினர் ஆற்றிய உரை)

 

பொன்விழாவை முன்னிட்டு, பங்கு மக்களின் நிலையைப் பற்றி ஓர் அறிக்கை தரும்படி எங்கள் சபையைப் பணித்தீர்கள். குடும்பப் பதிவேட்டை வைத்துக்கொண்டு இரண்டு மாலைப் பொழுதில் எழுதிவிடலாம் என்றே முதலில் நினைத்தோம். எங்கள் மூத்த அங்கத்தினர் ஒருவர்தாம், "பதிவேட்டில் பெயர் இருக்கும், இருமல் இருக்குமா?" என்று கேட்டு எங்களை எழுப்பிவிட்டார்.

நம் சபை பிறந்த கதையும் அதுவே. 1833-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிரெடரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் தம் தோழர்களோடு சபையைத் தொடங்கியபோது, ஏழைகளின் வீட்டு வாசலைக் காட்டிக் கொடுத்தவர் ரோசலி ரந்து என்ற கன்னியர். முஃப்தார் பகுதியின் சந்துகளெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஓசானாமுக்கு 1997-லும், ரோசலிக்கு 2003-லும் திருச்சபை முத்திப்பேறு பட்டம் அளித்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். 1854 ஆகஸ்டு இறுதியில் லண்டன் சோகோ பகுதியில் காலரா புகுந்து, பத்தே நாளில் ஐந்நூறு பேருக்கு மேல் கொண்டுபோயிற்று. பிராட் தெருக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்றார் டாக்டர் ஜான் ஸ்னோ. ஹென்றி வைட்ஹெட் என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு அதை நம்பவில்லை. தவறென்று காட்டுவதற்காகவே வீடு வீடாகப் போய் விசாரித்தார். கடைசியில் அவரே ஸ்னோ சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டார். குழாயடிக் கிணற்றுக்குப் பக்கத்து வீட்டில் நோயுற்ற குழந்தையின் துணி அலசிய நீர் கிணற்றில் கசிந்ததைக் கண்டுபிடித்தவரும் அவரே. அதே பகுதியில் 535 பேர் தங்கியிருந்த ஏழைகள் விடுதியில் இறந்தவர்கள் ஐந்து பேர் மட்டும். காரணம், அவர்களுக்குச் சொந்தக் கிணறு இருந்தது. அந்தக் கிணற்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறோம்.

நாங்கள் இருவர் இருவராகப் போனோம். ஒரே தெருவை மூன்று வேளை பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். விடியற்காலையில் குடங்களின் வரிசை தெரியும். நண்பகலில் வீட்டில் இருப்பவர் முதியோரும் நோயாளிகளுமே. இரவில் எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது தெரிந்துவிடும்.

முதல் நாள் கையில் நோட்டுப் புத்தகம் கொண்டுபோனது எங்கள் தவறு. நோட்டைக் கண்டதும் கதவுகள் சாத்தின. ஒரு தாய் உள்ளிருந்தபடியே, "வரிப் பாக்கிக்குத்தானே வந்திய? அடுத்த மாசம் கட்டிருதோம் ஐயா" என்றார். நாங்கள் வெட்கித் திரும்பினோம். பதிவேட்டில் 'கோயிலுக்கு வருவதில்லை' என்று நாமே குறித்து வைத்திருக்கும் குடும்பங்களில் பல, பாக்கிப் பட்டியல் கோயில் வாசலில் ஒட்டப்பட்ட நாளிலிருந்து வராதவை. அவ்வீடுகளில் செபமாலை ஆணியில் தொங்குகிறது. பீடத்தில் விளக்கும் எரிகிறது.

அப்படிப்பட்ட ஒரு வீட்டில், மாதக் கணக்காக இருமிக்கொண்டிருந்த குடும்பத் தலைவரைப் பார்த்தோம். கோயில் ஆட்களிடம் உதவி கேட்டால் பாக்கியைக் கேட்பார்களே என்று வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்ச் சளிப் பரிசோதனை செய்ததில் காசநோய் என்று தெரிந்தது. மருந்து முழுவதும் இலவசம். சத்துணவுக்கென்று 2018 முதல் அரசு மாதம் 500 ரூபாய் கொடுத்து வந்தது. 2024 நவம்பரிலிருந்து அதை 1,000 ஆக்கியிருக்கிறது. எங்களில் பாதிப் பேருக்கே இது புதுச் செய்தி. அவருக்கு இப்போது நான்காம் மாதம். இன்னும் இரண்டு மாதம் மாத்திரை பாக்கி.

ஏழைத் தெருதான் நோய்த் தெரு என்று எண்ணிக்கொண்டிருந்தோம். அந்த எண்ணமும் போயிற்று. டெங்குக் கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டு, பகலில் கடிப்பது. அதன் புழுக்களை அதிகம் கண்டது மாடி வீடுகளில்தான்: மூடாத தொட்டி, குளிர்பதனப் பெட்டியின் பின்தட்டு, கொடி வளர்க்கும் கண்ணாடிப் புட்டி. (எங்கள் சபைத் தலைவர் வீட்டிலும் இருந்தது. அவர் அனுமதியோடுதான் சொல்கிறோம்.)

குறைகளை மட்டும் நாங்கள் பார்க்கவில்லை. ஓய்வு பெற்ற நர்ஸ் அம்மா ஒருவர் தம் தெருவில் முப்பது வீட்டுக்கு இரத்த அழுத்தம் பார்த்து வருகிறார். பங்கில் யாருக்கும் தெரியாது. நள்ளிரவில் பிரசவ வேதனை என்றால் வாடகை வாங்காமல் ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் நம் சபையார் அல்ல, இந்து சகோதரர். டீக்கடை பெஞ்சில் உட்காரும் தாத்தாமாருக்கு, எந்த வீட்டுக் கிழவி இன்று வெளியே வரவில்லை என்பது ஒன்பது மணிக்குள் தெரியும்.

இனி அந்தக் கிணறு. நம் கோயிலின் பின்புறம் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்று பூட்டிக் கிடக்கிறது. கோயில் சுவருக்கு வெளியே நம் பெண்கள் விடியுமுன் குடத்தோடு காத்து நிற்கிறார்கள். நடுவில் இருப்பது ஒரு கதவும் பூட்டும்தான். சாவி எவரிடம் இருக்கிறது என்று கேட்டதற்கு மூன்று பேர் மூன்று பதில் சொன்னார்கள்.

பொன்விழாவுக்கு வளைவு கட்ட வேண்டாம் என்று சொல்ல நாங்கள் வரவில்லை. ஆனால் வளைவுக்கு முன், கிணற்றைத் தூர்வாரி, தண்ணீரைப் பரிசோதித்து, வலை மூடி போட்டு, பின்கதவைத் திறந்துவிட வேண்டுகிறோம். வரிப் பாக்கிப் பட்டியலைக் கோயில் வாசலிலிருந்து எடுத்துவிட்டு, இயலாதவர்களின் பழைய பாக்கியை இந்த ஜூபிலி ஆண்டில் தள்ளுபடி செய்யும்படியும் கேட்கிறோம். விடுதலையின் ஆண்டு என்றுதானே லேவியராகமம் முதல் ஜூபிலியைப் பற்றிப் படிக்கிறோம். நிதிக் குழுவினர் இதற்குச் சம்மதிப்பது எளிதல்ல என்று அறிவோம். எங்களுள்ளேயே இருவர் இன்னும் சம்மதிக்கவில்லை.

வாய்க்காலுக்கு அப்பால் இரண்டு தெருக்கள் பார்க்க வேண்டியிருக்கின்றன. வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கெபியருகில் கூடுகிறோம். வர விரும்புவோர் குடை கொண்டு வாருங்கள்; நோட்டுப் புத்தகம் வேண்டாம்.