முதியோர் பணமும் வாசல்படியும்

முதியோர் உதவித்தொகை பற்றிப் பேச வேண்டும் என்று வானொலி நிலையத்திலிருந்து கேட்டதும் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டேன். ராமநாதபுரம் மாவட்டத்தில், கமுதிக்கும் முதுகுளத்தூருக்கும் இடையிலுள்ள கிராமங்களில் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கடிதம், பதிவுத் தபால், தந்தி என்று எத்தனையோ கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். எதுவும் முதியோர் பணத்துக்கு ஈடாகாது.

தமிழ்நாட்டில் இந்தத் திட்டம் 1962 ஏப்ரல் 1 அன்று தொடங்கியது. அப்போது மாதம் 20 ரூபாய். 2011-இல் 500 ரூபாயாக இருந்தது ஆயிரமானது, 2023-இல் 1,200 ஆனது. மத்திய அரசின் திட்டத்தில் வருகிறவர்களுக்கு 79 வயது வரை 200 ரூபாயும், 80 ஆகிவிட்டால் 500 ரூபாயும் மத்திய அரசு தருகிறது. மீதியை மாநில அரசு போட்டு நிரப்புகிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்ட பெண்கள், 50 வயது கடந்தும் மணமாகாத ஏழைப் பெண்கள், மாற்றுத்திறனாளிகள் இவர்களுக்கும் தனித்தனியாக உதவித்தொகை உண்டு. கணக்கு வழக்கு இவ்வளவு போதும். அந்தப் பணம் கைக்கு வந்து சேரும் விதத்தைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அந்தக் காலத்தில் அது மணியார்டரில் வரும். கமிஷனை அரசாங்கமே கட்டிவிடும். வாங்குகிறவர் ஒரு பைசா தர வேண்டியதில்லை. ஆளுக்கு ஒரு படிவம். எழுதத் தெரிந்தவர் கையெழுத்துப் போடுவார், தெரியாதவர் கைநாட்டு வைப்பார். கைநாட்டுக்குப் பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து ஒன்று வேண்டும். எங்கள் ஊர்களில் பெரும்பாலும் டீக்கடைக்காரரோ பள்ளிக்கூடத்து வாத்தியாரோ சாட்சி. பட்டுவாடா நாளில் பிள்ளையார் கோயில் வேம்படியில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். நடக்க முடியாதவர்களுக்கு வீட்டுக்கே போய்க் கொடுப்பேன்.

இதில் ஒரு விஷயத்தை நேயர்கள் கவனிக்க வேண்டும். முழு நோட்டாகக் கொடுத்தால் அந்தப் பாட்டிமார்களுக்குப் பிடிக்காது. "சில்லறையாக் குடுப்பு" என்பார்கள். டீக்கடைப் பாக்கி தீர்க்க, வெற்றிலை பாக்கு வாங்க, பேரன் கையில் ஒரு பத்து ரூபாய் திணிக்க என்று அவர்கள் மனதில் ஏற்கெனவே பங்கு பிரித்தாகிவிட்டது. இன்னொன்றும் உண்டு. ஐந்நூறு ரூபாய் ஒரே நோட்டாக இருந்தால் வீட்டிலுள்ள யாராவது "குடு, மாத்திட்டு வாரேன்" என்று வாங்கிப் போய்விடுவார்கள். பத்தும் இருபதுமாக இருந்தால் கொஞ்சம் சுருக்குப்பையில், கொஞ்சம் முந்தானை முடிச்சில், கொஞ்சம் அரிசிப் பானைக்குள் என்று பிரித்து வைத்துக்கொள்ளலாம். அதனால் பட்டுவாடாவுக்கு இரண்டு நாள் முன்பே பஸ் கண்டக்டர்களிடமும் பலசரக்குக் கடைகளிலும் சொல்லி வைத்துச் சில்லறை சேர்ப்பேன். சட்டத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனால் அந்தப் பணம் அவர்களுடையதாகவே இருக்க வேண்டும் என்றால் சில்லறையாக இருந்தால்தான் முடியும்.

ஓர் அப்பத்தா இருந்தார். கரிமூட்டத்தில் வேலை பார்த்த கை. எங்கள் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டுக் கரியாக்குவது பெரிய தொழில் என்பது தெரிந்திருக்கும். எப்போதும் நோட்டுகளை விரலால் ஒரு தடவு தடவி, கண்ணால் ஒரு தடவை பார்த்து, சரி என்று முடிந்துகொள்வார். ஒரு மாதம், "என்னப்பு, இது அம்பதா நூறா?" என்று கேட்டார். அடுத்த மாதம் நான் நீட்டிய பணத்துக்கு ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டினார். கண்ணில் புரை விழுந்திருக்கிறது என்று புரிந்தது. வீட்டில் மருமகளிடம் கேட்டேன். கிழவி தடுமாறுவது வயசுக் கோளாறு என்றுதான் அவர்களும் நினைத்திருந்தார்கள்.

மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனை, தென் மாவட்டங்களில் இலவச முகாம்கள் நடத்துவது உங்களுக்குத் தெரியும். முகாமில் பார்த்து, புரை என்றால் பஸ்ஸிலேயே மதுரைக்கு அழைத்துப்போய், அறுவை சிகிச்சை செய்து, லென்ஸ் வைத்து, சாப்பாடும் போட்டு, திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். அப்பத்தா போக மாட்டேன் என்று அடம்பிடித்தார். வேம்படியில் இருந்த மற்ற கிழவிகள்தான் பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். அவரோடு அந்த முகாமுக்கு இன்னும் மூன்று பேர் போனார்கள். அடுத்த பட்டுவாடாவில் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பு, இம்புட்டு நரைச்சுப் போச்சா ஒனக்கு" என்றார்.

நான் சொல்ல வந்தது இதுதான் நேயர்களே. மாதம் ஒருமுறை ஒருவர் வாசலில் வந்து நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முகத்தைப் பார்த்து, கையில் பணம் கொடுத்துவிட்டுப் போவதும் அந்த உதவியில் ஒரு பாதி. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் மூன்று நாளாக உலை வைக்கவில்லை, யார் யாரோடு பேச்சு வார்த்தை இல்லாமல் தனியாகக் கிடக்கிறார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

பிறகு பணம் வங்கிக் கணக்குக்குப் போனது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். தன் பெயரில் ஒரு பாஸ்புக் இருப்பது எழுபது வயதுப் பெண்ணுக்குப் பெரிய பலம். ஆனால் கைரேகை இயந்திரம் வந்தபோது கரி அள்ளிய விரலும் மிளகாய் பறித்த விரலும் அதில் விழ மறுத்தன. ரேகையே தேய்ந்துபோயிருந்தது. வெயிலில் மூன்று மைல் நடந்து வந்து, ரேகை விழவில்லை என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆதாரில் பத்து விரலும் பதிவாகியிருக்கிறது. கட்டை விரல் விழாவிட்டால் மற்ற விரல்களை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தால் பல சமயம் விழும். அப்படியும் இல்லையென்றால் ஆதார் மையத்தில் ரேகையைப் புதுப்பித்துவிடுங்கள்.

2018 செப்டம்பரில் இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கி வந்தபின் தபால்காரர் மறுபடி வாசலுக்கு வருகிறார். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், அது ஆதாரோடு இணைந்திருந்தால், அவர் கையிலுள்ள கருவியில் விரல் வைத்துப் பணம் வாங்கிக்கொள்ளலாம். பக்கத்துத் தபால் நிலையத்தில் ஒரு வார்த்தை சொல்லி வைத்தால் போதும். இன்றைக்குத் தபால் பையைத் தூக்கும் தம்பிமார்களும் தங்கைகளும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், தயவுசெய்து சில்லறை எடுத்துப் போங்கள்.

வாசலைத் தேடி வரும் உதவிகள் இப்போது கூடியிருக்கின்றன. 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வீட்டில் கொண்டுவந்து தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் வந்தது. உதவித்தொகை வாங்கும் முதியோருக்கு 1983-இலிருந்து சத்துணவு மையத்தில் மதியச் சாப்பாடு உண்டு என்பது பலருக்கும் மறந்தே போய்விட்டது. பள்ளிப் பிள்ளைகள் சாப்பிடும் நேரத்தில் தாத்தா பாட்டிகள் தட்டோடு வருவதை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றி மட்டுமே ஒரு நாள் பேசலாம்.

நேரம் நெருங்கிவிட்டது, விண்ணப்பம் போடும் வழியைச் சொல்லிவிடுகிறேன். வயது 60 ஆகியிருக்க வேண்டும், ஆதரவு இல்லாத ஏழையாக இருக்க வேண்டும். ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், புகைப்படம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரிப்பார்கள். சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். ஒப்புகைச் சீட்டை வாங்காமல் வந்துவிடாதீர்கள். தள்ளுபடி ஆனால் காரணத்தைக் கேளுங்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுவும் கொடுக்கலாம்.

உங்கள் தெருவில் இந்த உதவி கிடைக்க வேண்டிய ஒருவராவது இருப்பார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் யாராவது இந்த வாரம் அவரோடு ஒருமுறை இ-சேவை மையம் வரை போய்வருவார்கள் என்று நம்புகிறேன். முதியோருக்கான உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. மறுபடி சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, ஐந்து, ஆறு, ஏழு.