அன்றைக்கு அம்மா எங்கே இருந்தார்?



சொந்த வாழ்க்கையைக் கட்டுரையாக எழுதுகிறவர்களுக்கு ஒரு தனிச் சங்கடம் உண்டு. நடந்தது முழுக்க அவர்களுக்குத் தெரியும். தாளில் விட்டுப்போனதை நினைவு தானாகவே நிரப்பிக்கொள்ளும். எத்தனை தடவை படித்தாலும் விடுபட்டது கண்ணில் படாது.

ஒருவர் தன் அப்பா சைக்கிள் கடையை மூடிய நாளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன் வாசனை, ஆணியில் தொங்கும் பழைய டியூப்கள், ஷட்டரை இழுத்துவிட்டு அப்பா நின்ற நிலை, எல்லாம் இருக்கின்றன. எழுத்துப் பட்டறையில் வாசித்து முடித்ததும் ஒரு பெண் கேட்கிறார்: “அன்றைக்கு உங்கள் அம்மா எங்கே இருந்தார்?” எழுதியவர் திகைத்துப்போகிறார். அவர் மனக்கண்ணில் அம்மா கடை வாசலில்தான் நின்றிருந்தார். தாளில் இல்லை.

இந்த ஒரு கேள்விக்காகவே பட்டறைக்குப் போகலாம் என்பேன். ‘அம்மாவும் நின்றார்’ என்று ஒரு வாக்கியம் சேர்த்தால் போதாது. அவர் ஏதாவது சொன்னாரா? கடையை மூடச் சொன்னதே அவர்தானா? அப்படியென்றால் அது அப்பாவைப் பற்றிய கட்டுரைதானா? திருத்தம் என்பது இந்த ஆழத்துக்குப் போக வேண்டும். சொல் மாற்றுவதெல்லாம் அப்புறம்.

கேட்பவர் பேசும் விதமும் முக்கியம். “மூன்றாவது பத்தியை எடுத்துவிடுங்கள்” என்றால் அது தீர்ப்பு. “மூன்றாவது பத்தியில் என் கவனம் போய்விட்டது” என்றால் சாட்சியம். அமெரிக்கப் பேராசிரியர் பீட்டர் எல்போ, ஆசிரியர் இல்லாத எழுத்து வகுப்பைப் பற்றி 1973இல் வெளியிட்ட நூலில் இந்தச் சாட்சியத்தைத்தான் வாசகரிடம் கேட்டார். கவனம் போனது மூன்றாம் பத்தியில் என்றாலும், கோளாறு முதல் பத்தியில் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எழுதியவர் வேலை.

இதையெல்லாம் கேட்கும்போது எழுதியவர் என்ன செய்ய வேண்டும்? நம் மரபில் நூல் அரங்கேற்றம் இருந்தது. அவையோர் தடை எழுப்புவார்கள். நூலாசிரியர் விடை சொல்லியாக வேண்டியிருந்தது. 1936இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழக எழுத்துப் பட்டறையின் மரபான வழக்கம் இதற்கு நேர்மாறு: மற்றவர்கள் பேசும்போது எழுதியவர் வாய் திறக்கக் கூடாது. சொந்தக் கதை எழுதியவருக்கு இது பெரும் சோதனை. “அம்மா அங்கேதான் இருந்தார்” என்று நாக்கு நுனி வரை வரும். சொல்லிவிட்டால் அறையில் இருப்பவர்களுக்கு விளங்கிவிடும். தாள் அப்படியே கிடக்கும். அதனால் அந்த மௌனத்தை நான் ஆதரிக்கிறேன், ஆனால் கடைசிவரை வேண்டாம். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990இல் உருவாக்கிய முறையில் படைத்தவரும் கேள்வி கேட்கலாம். அபிப்பிராயம் சொல்ல விரும்புகிறவர் அவரிடம் அனுமதி கேட்ட பிறகே சொல்வார். ஒருவருடைய அப்பாவைப் பற்றிப் பேசும் இடத்தில் அந்தப் பண்பு மிக அவசியம்.

திருத்திய கட்டுரையைப் பழைய குழுவிடம் மட்டும் காட்டாதீர்கள். இப்போது அவர்களுக்கும் கதை தெரியும். விட்டுப்போனதை அவர்கள் நினைவும் நிரப்பிவிடும். இதுவரை கேட்டிராத ஒருவரை உட்காரவைத்து, முன்கதை எதுவும் சொல்லாமல், வாசித்துக் காட்டுங்கள்.